மீனுக்கு முன் மணல்

புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டி வீட்டுக்கு வந்தால், என்ன மீன் விடுவது என்பதே பிள்ளைகளின் முதற் கேள்வி. அடியில் என்ன பரப்புவது என்பதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறோம். அழகுக்காகப் பளிச்சென்ற வெள்ளைக்கல் ஒரு பை வாங்கி வருகிறோம். சில நாட்களில் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து மூச்சுத் திணறுகின்றன; பிறகு ஒவ்வொன்றாய் மிதக்கின்றன. கண்ணூறு பட்டுவிட்டது என்று சொல்வாரும் உண்டு. விடயம் இரசாயனம்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக்கும்; வேறொருவகை அதனை நைத்திரேற்றாக்கும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதன் தீங்கு மிகக் குறைவு. வாரந்தோறும் கால்வாசி நீரை மாற்றினால் போதும். இப்பற்றீரியாக்கள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. புதிய தொட்டியில் அவை போதியளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். பள்ளிவாசல் ஹவுளில் மீன்கள் சுகமாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே நீர் அதிகம், மீன் குறைவு, சுவரெங்கும் பழைய பாசி. நமது சிறு தொட்டிக்கு அந்த வசதி இல்லை.

வெள்ளைக்கல் கெடுதல் செய்வது இந்த வாரங்களில்தான். அது பெரும்பாலும் உடைத்த சலவைக்கல், கல்சியம் காபனேற்று. நீரில் மெல்லக் கரைந்து பீஎச் பெறுமானத்தை உயர்த்தும். 25 பாகை வெப்பநிலையில் பீஎச் 7 ஆக இருக்கும்போது, நீரிலுள்ள மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.6 சதவீதமே கொடிய வடிவில் இருக்கும். பீஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே கழிவு, ஏறக்குறைய பத்து மடங்கு நஞ்சு!

வாங்கும் கல்லில் இரண்டு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வேண்டாம். கண்டி, மாத்தளைப் பக்கங்களில் டொலமைட்டும் உண்டு. அது முழுக்கல்லாக இருந்தால் வினாகிரியில் எளிதில் குமிழி விடாது. ஆகவே ஒரு கல்லைத் தூளாக்கிச் சோதிப்பது நல்லது. பாடசாலை ஆய்வுகூடத்தில், ஆசிரியை முன்னிலையில், ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் கொண்டு பார்ப்பது அதைவிடத் திருத்தமானது. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் பவளத்துண்டும் இதே இனம்தான்.

நமக்கோ மகாவலி அருகில் ஓடுகிறது. அதன் மணலில் பெரும்பங்கு குவாட்ஸ். நீரின் பீஎச்சை மாற்றாது. ஆற்றில் இறங்கி அள்ளவேண்டியதில்லை. அது ஆபத்து, மணல் அகழ அனுமதிப்பத்திரமும் வேண்டும். வீடு கட்டுமிடத்தில் கேட்டால் ஒரு வாளி தருவார்கள். சீமெந்து படாத குவியலாக இருக்கட்டும். சீமெந்தும் பீஎச்சை ஏற்றிவிடும். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் உள்ள தொட்டியில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்ப 9 லீற்றர் மணல் போதும். அரிதட்டில் அரித்து, மாவைப் போன்ற பொடியை நீக்கி, 2 முதல் 3 மில்லிமீற்றர் பருமனுள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். பொடி மணல் இறுகி, ஒட்சிசன் புகாமல், அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். மிகப் பெரிய கல்லின் இடுக்கில் உணவு விழுந்து அழுகும். கழுவிய நீர் தெளியும்வரை கழுவவேண்டும். பத்துத் தடவையானாலும் சலிக்கக் கூடாது.

பிறகு குழாய் நீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்து, குளோரீன் அகன்றபின் ஊற்றுங்கள். வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை மீனுணவு போடுங்கள். பற்றீரியாவுக்கு அதுவே தீனி. தோழியின் நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். கடையில் கிடைக்கும் சோதனைப் பொதியில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டி, நைத்திரேற்று தென்பட்ட பின்னர் இரண்டு மூன்று கப்பி மீன்களை விடலாம். மற்றவை இரண்டு வாரம் கழித்து வரட்டும். பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். குழாயடியில் பிடித்தால் குளோரீன் பட்டு, வளர்த்த பற்றீரியா செத்துவிடும்.