பள்ளிக்கு ஒழுங்காக வந்தும் வாசிக்க முடியவில்லையா? டிஸ்லெக்சியாவாக இருக்கலாம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் ஒரு குழந்தை வாசிக்கத் திணறினால் காரணம் உடனே வந்துவிடும்: பெற்றோர் படிக்காதவர்கள், குடும்பம் மிளகு பறிக்க வெளியூர் போய்விடுகிறது, பள்ளி தூரம். பல குழந்தைகளுக்கு இவை உண்மைதான். ஆனால் நாள் தவறாமல் வகுப்புக்கு வந்தும், கேட்ட கதையை அழகாகத் திருப்பிச் சொல்லியும், எழுத்தைக் கண்டால் மட்டும் தடுமாறும் குழந்தையும் அவர்களுக்குள் இருக்கலாம். வறுமையையே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டதால் அந்தக் குழந்தை யார் கண்ணிலும் படுவதில்லை.

டிஸ்லெக்சியா என்றால் என்ன?

ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் பார்ப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமமே டிஸ்லெக்சியா. அறிவுக் குறைவோ சோம்பலோ இதற்குக் காரணம் அல்ல. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதும் உண்டு. தமிழில் 247 எழுத்துகள். ‘கொ’ என்பதில் கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வருவதோ ‘க்’. ல, ள, ழ குழப்பமும் சேர்ந்தால் இந்தக் குழந்தைக்கு ஒரு வரியே பெரும்பாடு.

எப்படிக் கண்டறிவது?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். பிறகு சில மாதங்கள் எழுத்தொலிகளை முறையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கலாம். இடையில் பள்ளியை விட்டிருந்த குழந்தை பெரும்பாலும் தேறிவிடும். அப்போதும் தேறாத குழந்தையை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்ட வேண்டும்.

சட்டம் என்ன தருகிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 குறைபாடுகளில் டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாடும் ஒன்று. மூன்றாம் வகுப்பு அல்லது 8 வயதுக்குள் பள்ளியிலேயே முதற்கட்டச் சோதனை நடக்க வேண்டும் என்றது 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் பெற்ற மாணவர்கள் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாலும் உதவ முடியும். ‘கடலை’ என்ற சொல்லைக் க-ட-லை என்று கைதட்டிப் பிரிக்கலாம். ‘க’வில் தொடங்கும் பெயர்களைச் சொல்லி விளையாடலாம். மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியை உரக்கச் சொல்ல வைக்கலாம். தினமும் கால் மணி நேரம் போதும். அடிப்பதும், பத்து முறை எழுத வைப்பதும், தம்பியோடு ஒப்பிடுவதும் கூடாது.

இனி என்ன வேண்டும்?

மலைப்பிள்ளைகள் பலர் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். அங்கே மாலை நேரத்திலும் அவர்களுக்குத் துணையாக இருப்பவர் ஆசிரியர்தான். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகின்றன. அத்தகைய பயிற்சி பெற்ற ஒருவராவது மலையின் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். 2019இல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் இதைத் தன் முதல் கடமைகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ளட்டும். ‘மக்கு’ என்று சொல்லப்பட்டே பள்ளியை விட்டு நிற்கும் ஒரு பிள்ளையையாவது அது காப்பாற்றும்.