சுவரில் நிற்கும் சித்திரம்

காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் சரித்திரம் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. 12 வயதுப் பாலகன் ஒருவனை அழைத்து வந்து அரசனாக்குகிறார்கள். அவனே இரண்டாம் நந்திவர்மன். அங்கே சித்திரம் நிற்கிறது, நாம் நடக்கிறோம். கார்ட்டூன் படத்திலோ நாம் அமர்ந்திருக்கிறோம், சித்திரம் நடக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்!

திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 1937-ல் வெளியான வால்ட் டிஸ்னியின் 'ஸ்நோ ஒயிட்' படத்துக்குப் பாட்டை முதலில் பதிவு செய்து, தாளத்தை எண்ணி, குள்ளர்களின் ஒவ்வோர் அடியையும் அதற்கிசைய வரைந்தார்கள். காஞ்சித் தறியில் ஜக்கார்டு அட்டையின் துளைக்கேற்ப இழை எழும்பி, பட்டில் அன்னம் உருவாகிறதல்லவா? அதுபோன்ற கணக்குத்தான் இதுவும். ஆனால் கணக்கு உயிராவது கைத்திறத்தினால்.

தமிழருக்கும் இக்கலை புதிதன்று. 2007-ல் இளையராஜாவின் இசையுடன் 'இனிமே நாங்கதான்' என்ற முழுநீள அனிமேஷன் படம் வெளிவந்தது. கருவி கைக்கு வந்துவிட்டது; கதையைத் தேடி அயல்நாடு போவானேன்? அந்தப் பாலகன் 1,200 ஆண்டுகளுக்கு மேலாகச் சுவரில் காத்து நிற்கிறான். மணற்கல்லானபடியால் அவன் முகம் தேய்ந்துகொண்டே வருகிறது. அது முற்றும் மறையுமுன் அவனைப் பாடி நடக்கச் செய்வது நம் சித்திரக்காரர்களின் கடமை.