உய்யக்கொண்டான் கரையில்

"அது சாக்கடைதானே, சாமி?" என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான். நம் திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பற்றித்தான் அவ்வாறு கேட்டான். நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவன் பிறந்த நாள் முதல் கண்டது அதுவே. ஆனால் அவனுடைய பாட்டியார் அதே வாய்க்காலில் துணி துவைத்தவர், நீந்தக் கற்றவர்.

பேட்டைவாய்த்தலையில் காவிரியின் தென்கரையிலிருந்து பிரிந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரியை அடைகிறது இவ்வாய்க்கால். அதில் 8 கிலோமீட்டர் அளவு நகரத்திற்குள் செல்கிறது. 'உய்யக்கொண்டான்' என்பது 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. உய்தல், உய்வு என்னும் சொற்களை மீட்பின் பொருளில் வழங்கும் நமக்கு இப்பெயர் அயலானதன்று. ஆயிரம் ஆண்டுகளாக முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை உய்வித்துவந்த நீரைக் கெடுக்க நமக்கு இரண்டு தலைமுறைக் காலமே தேவைப்பட்டது.

கெட்டது எப்படி என்பது மறைபொருளன்று. நகரம் வளர்ந்த வேகத்தில் புதைசாக்கடை வளரவில்லை. வீடுகளும் விடுதிகளும் கடைகளும் தத்தம் கழிவுநீரை அண்மையில் இருந்த வாய்க்காலுக்கே திருப்பிவிட்டன. காவிரி நீர் நிறுத்தப்படும் கோடையில் அதில் ஓடுவது நம் வீட்டு நீர் மட்டுமே. அதை உண்டு ஆகாயத்தாமரை செழிக்கிறது. வாய்க்கால் நீர்வளத் துறையின் பொறுப்பு; அதில் விழும் சாக்கடையோ மாநகராட்சியின் பொறுப்பு. இருவர் பொறுப்பில் உள்ள பிள்ளை பல வேளைகளில் பட்டினி கிடக்கிறது.

1977 நவம்பரில் புயல் மழையால் நகரம் வெள்ளத்தில் மூழ்கியதை மூத்தோர் மறந்திரார். 2005 நவம்பரிலும் துன்பம் மீண்டும் வந்தது. கோரையாற்றின் வெள்ளம் புத்தூர் ஆறுகண் அருகே உய்யக்கொண்டானைச் சந்தித்து, குடமுருட்டி வழியே காவிரிக்குச் செல்ல வேண்டும். வழியில் தூர் நிறைந்திருந்தால் அந்நீர் வீடுகளுக்குள் புகாமல் வேறெங்கே போகும்?

அதே 1977-ஆம் ஆண்டில், நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில், நாறிக் கிடந்த ஆற்றைப் பத்தாண்டுகளில் தூய்மையாக்க வேண்டுமெனப் பிரதமர் லீ குவான் யூ கெடு விதித்தார். 1987-இல் அப்பணி நிறைவேறியது. முதலில் கழிவு வரும் வழிகளை அடைத்தார்கள். கரையில் இருந்த குடிசைவாசிகளுக்கு மாற்று வீடும், தெருவோர உணவுக்கடைக்காரர்களுக்கு மாற்றிடமும் தந்தார்கள். பிறகே தூர் வாரினார்கள். கரையை அழகுபடுத்தியது கடைசியில்தான். நாமோ சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் கரையில் நடைபாதையை முதலில் அமைத்துவிட்டோம். நடைபாதை நன்றே. மாலையில் அங்கு நடப்போர் வாய்க்காலைக் கண்ணாலாவது காண்கிறார்கள். ஆயினும் சாக்கடையின் ஓரமாக எவ்வளவு நாள் உலாவுவது?

மாவட்ட ஆட்சியர் ஒருவர் ஆர்வத்தோடு தூய்மைப்பணியைத் தொடங்குவார்; மாணவர்களும் இளைஞர்களும் திரள்வார்கள். அவர் மாறிச் சென்றதும் ஆகாயத்தாமரை திரும்பிவரும். ஓர் அதிகாரியின் பதவிக்காலத்தைவிட நீண்ட திட்டம் வேண்டும். எருசலேமில் எசேக்கியா அரசர் பாறையைக் குடைந்து நகருக்குள் நீரைக் கொணர்ந்ததை அரசர்கள் இரண்டாம் நூல் குறிக்கிறது. அரை கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அச்சுரங்கத்தின் நீர் சேர்வது சிலோவாம் குளத்தில். ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண் கழுவிவர நம் ஆண்டவர் அனுப்பியது அக்குளத்திற்கே. பாறையைக் குடைந்தவர்கள் அம்மனிதரை அறிந்தவர்களல்லர்.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். வாய்க்காலைக் குறித்து மறையுரைகளில் பலமுறை முழங்கியவன் நான். நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், எங்கள் பங்கு இல்லத்தின் கழிவுநீர்க் குழாயே வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்ததைக் குழாய் பழுதுபார்க்க வந்த தொழிலாளிதான் எனக்குக் காட்டினார். அன்று எனக்கு ஏற்பட்ட நாணம் சிறிதன்று. இணைப்பை மாற்ற ஏழு மாதங்களும் மூன்று விண்ணப்பங்களும் ஆயின. பின்னர்ப் பங்குப் பேரவையினர் கரையோரத் தெருக்களில் வீடு வீடாகச் சென்று கேட்டனர். வசதியுள்ள இல்லங்கள் சிலவே கடைசிவரை தயங்கி நின்றன என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கரையை ஒட்டிக் குடிசை போட்டு வாழும் குடும்பங்களின் நிலை வேறு. 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் எழுந்ததும் முதலில் இடிபடுவது அவர்கள் சுவரே. மாடிக் கட்டடங்களின் குழாய்கள் அப்படியே இருக்கின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில், நகரின் அழகிய இடங்கள் சிலருக்கு மட்டும் உரியவையாகி, எளியோரின் பகுதிகள் கைவிடப்படுவதைச் சுட்டிக்காட்டுகிறார். வேலை செய்யும் இடத்திற்கு அருகிலேயே வீடு தராமல் அவர்களை அகற்றுவது திட்டமாகாது.

அண்மையில் அச்சிறுவனின் பாட்டியாரைச் சந்தித்தேன். கரையில் கம்பி வேலியும் இருக்கையும் விளக்கும் வருமாமே என்றார். வரும் என்றேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "தண்ணீரில் இறங்கப் படித்துறை வைப்பார்களா, சாமி?" என்று கேட்டார்.