முற்பதிவு வேறு, வருமானம் வேறு

பொத்துவில், அறுகம்பைப் பக்கம் அறை வாடகைக்கு விடும் நம்மவர்கள் சிலர், இணையத்தில் விழுந்த முற்பதிவுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு கடனுக்குச் சாமான் எடுப்பதை அவதானித்திருக்கிறேன். அது கைக்கு வந்த பணமல்ல.

எயார்பிஎன்பியில் விருந்தாளி முன்கூட்டியே பணம் செலுத்தினாலும், அவர் வந்து சேர்ந்து சுமார் 24 மணி நேரம் சென்ற பின்னரே உரிமையாளருக்கு அது அனுப்பப்படுகிறது. 'ஃப்ளெக்சிபிள்' விதி என்றால் வருகைக்கு 24 மணி நேரம் முன்பு வரையும், 'மொடரேட்' என்றால் 5 நாட்கள் முன்பு வரையும் அவர் முழுப் பணத்தையும் மீளப் பெற்று விலகலாம். ஒரே நாளில் அந்த அறைக்கு வேறு ஆள் தேடுவது எப்படி?

கடுமையான விதியும் முழுக் காப்பல்ல. 2020இல் கொரோனா பரவியபோது, மார்ச் 14 வரை செய்யப்பட்ட முற்பதிவுகள் பலவற்றுக்கு, உரிமையாளரின் விதி எதுவானாலும் அந்நிறுவனம் பயணிகளுக்கு முழுப் பணத்தையும் திருப்பியது. எதிர்ப்புக் கிளம்பிய பின் 25 கோடி டொலர் ஒதுக்கியது. அப்போதும் உரிமையாளருக்கு, விதிப்படி கிடைக்க வேண்டியதில் 25 சதவீதமே.

நாம் இரத்துச் செய்தாலோ, கடைசி 48 மணி நேரத்துக்குள் என்றால் முற்பதிவுத் தொகையில் பாதி தண்டம். ஒரே அறையை எயார்பிஎன்பியிலும் புக்கிங் டொட் கொம்மிலும் போட்டுவிட்டு நாட்காட்டிகளை இணைக்காதவர்கள் இதில் இலகுவாக மாட்டிக்கொள்வார்கள். இணைக்கும் வசதி இரண்டிலும் இலவசம், இன்றே செய்யுங்கள். சாமான் கடைக்குத் தவணை சொல்வதென்றால், விருந்தாளி வந்திறங்கும் திகதிக்குப் பிந்திய நாளாகவே சொல்லுங்கள்.