பேய்க்கரும்பு இனித்த கதை

பட்டினத்தடிகள் கையில் ஏந்தித் திரிந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது பக்தியின் அற்புதம். விஞ்ஞானத்தின் துணையால் பேய்க்கரும்பு இனித்த கதையும் ஒன்று உண்டு. அது நிகழ்ந்த இடம் கோயமுத்தூர்.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெண்சாமரம் போலப் பூத்து நிற்கும் நாணலைப் பேய்க்கரும்பு என்றும் நம்மவர் அழைப்பதுண்டு. தோற்றம் கரும்பு, கடித்தால் வெறும் சக்கை. ஆயினும், வெயிலோ குளிரோ வெள்ளமோ அதனை எளிதில் அழிக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தேசத்தின் நிலை விந்தையானது. கரும்பின் பெயரைத் தொன்றுதொட்டு அறிந்த நாடு, கப்பல் கப்பலாக ஜாவாவிலிருந்து சர்க்கரையை வரவழைத்துக் கொண்டிருந்தது! வட நாட்டுக் குடியானவர்கள் பயிரிட்ட கரும்பு மெலிந்தது, விளைவும் குறைவு. சாறு மிகுந்த தடித்த கரும்போ பஞ்சாபின் குளிரைத் தாங்காது.

இந்தக் குறையைத் தீர்க்க 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. கரும்பு நன்றாகப் பூத்து விதை கொள்ளும் சீதோஷ்ணம் அங்கே அமைந்திருந்தது. டாக்டர் பார்பரும், பின்னர் ஸர் பட்டம் பெற்ற டி. எஸ். வெங்கடராமனும் அங்கே ஒரு துணிகரமான காரியம் செய்தார்கள். ‘வெள்ளை’ என்னும் தடித்த கரும்புக்கும் கோயமுத்தூர் நாணலுக்கும் கலப்பு மணம் செய்துவைத்தார்கள். ராஜகுமாரிக்குக் காட்டு வேடனை மணமுடித்தது போலத்தான்! பிறந்த குழந்தை ‘கோ 205’. 1918-ல் பஞ்சாபுக்கு அளிக்கப்பட்ட அக்கரும்பு, அங்கிருந்த பழைய கரும்பைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது.

நாணலின் உரம் வந்தது சரி. கரும்பின் இனிப்பு எப்படி அழியாமல் நின்றது? இங்கேதான் குரோமோஸோம்களின் கணக்கு வருகிறது.

ஒவ்வோர் உயிரணுவிலும் நூலிழை போன்ற குரோமோஸோம்கள் இருக்கின்றன. குலத்தின் குணங்களையெல்லாம் எழுதிவைத்த ஏடுகள் அவை. தாயும் தந்தையும் தத்தம் ஏடுகளில் பாதியைக் குழந்தைக்குக் கொடுப்பது இயற்கையின் நியதி. கரும்புக்கு ஏடு 80. அந்த நாணலுக்கு 64. ஆகவே குழந்தைக்கு 40-ம் 32-ம் சேர்ந்து 72 இருக்க வேண்டும் அல்லவா? எண்ணிப் பார்த்தால் 112 இருக்கிறது! தந்தையாகிய நாணல் பாதியைத்தான் கொடுத்தது. தாயாகிய கரும்போ 80-ஐயும் அப்படியே சீதனமாகக் கொடுத்துவிட்டது. கரும்பு நாணலோடு கலக்கும்போது இவ்விதம் நேர்வதை, 1920-களில் ஜாவாவில் ஆராய்ந்த டச்சு விஞ்ஞானி பிரெமெர் கண்டறிந்தார். தாயின் பங்கு மிகுந்ததால் இனிப்பு நிலைத்தது. தந்தையின் பங்கு இருந்ததால் உறுதி வந்தது.

குரோமோஸோம் எண்ணிக்கை மாறுவது எப்போதும் நன்மையென்று எண்ணலாகாது. மனிதருக்கு உரியவை 46. அவற்றில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் துன்பமே. தாவரங்களோ இத்தகைய மாறுதலைப் பெரிதும் தாங்குகின்றன. நம் வீட்டுப் பூவன், ரஸ்தாளி வாழைகளில் 11 கொண்ட கட்டு இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது. ஜோடி சேர்ந்து சமமாகப் பிரிய முடியாமையால் விதை உண்டாவதில்லை. அதனால்தான் நாம் கொட்டையில்லாப் பழம் தின்கிறோம்.

எண்ணிக்கை மட்டுமல்ல, அமைப்பும் மாறுவதுண்டு. குரோமோஸோமின் ஒரு துண்டு தொலையலாம், இரட்டிக்கலாம், தலைகீழாகத் திரும்பலாம், உடைந்து வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளலாம். நாணலே இதற்குச் சான்று. கரும்பின் அடிப்படைக் கட்டில் 10 குரோமோஸோம்கள். நாணலின் முன்னோர்க்கும் அவ்வாறே இருந்தது. அவற்றில் இரண்டு உடைந்து, துண்டுகள் மற்றவற்றோடு ஒட்டியதால், கோயமுத்தூர் நாணல் போன்றவற்றில் கட்டு 8 ஆயிற்று.

இக்கணக்குகளை ஆராய்ந்தவர்களுள் ஒரு பெண்மணியை நாம் மறத்தலாகாது. 1897-ல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், 1930-களில் கோயமுத்தூரில் கரும்பையும் அதன் உறவுப் புற்களையும் ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூடக் கலந்து பார்த்தார். 1945-ல் டார்லிங்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானியுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோஸோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் பெருநூல் வெளியிட்டார். பெண்களுக்கு நுண்கருவி எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ஆலைகளுக்கு வேண்டிய நல்ல கரும்பு வயலில் தயாராக நின்றது. சில ஆண்டுகளில் ஜாவா சர்க்கரையின் வரவு ஏறக்குறைய நின்றுவிட்டது. சட்டம் வேலியாயிற்று, விளைவித்துக் கொடுத்தது கோயமுத்தூர்க் கரும்பு. கோ 281, கோ 290 முதலியவை அமெரிக்காவின் லூயிஸியானா வரை சென்று வேரூன்றின.

இன்றும் செவ்வழுகல் போன்ற நோய்கள் கரும்பைத் தாக்கிக்கொண்டேயிருக்கின்றன. எதிர்க்கும் வலிமையைத் தேடி விஞ்ஞானிகள் மறுபடியும் காட்டு உறவுகளிடமே போகிறார்கள். ஆகையால் ஆற்றங்கரையை அழகுபடுத்துகிறோம் என்று நாணற் புதர்களையெல்லாம் வேரோடு களைந்துவிடுவது விவேகமாகாது. அடுத்த தைப்பொங்கலன்று கரும்பைக் கடிக்கும்போது, அதன் தந்தை வழிப் பாட்டனாராகிய அந்த ஏழை நாணலையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக!