சூரிய மின்சாரத் தொழிலுக்கு மாறுவோர் கவனத்திற்கு: எந்தப் பயிற்சி நமக்கு ஏற்றது?

எலக்ட்ரிக்கல், பேட்டரி, ஹார்டுவேர் கடைகள் நடத்தும் நம் வணிகர்களிடையே இன்று அதிகம் பேசப்படுவது, வீட்டுக் கூரையில் சூரிய மின் தகடு பொருத்தும் தொழில். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டமே இதற்கு முக்கியக் காரணம். ஒரு கோடி வீடுகள் என்பது அதன் இலக்கு. ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000 என வீட்டுக்காரருக்கு மானியம் அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்தச் சாதனங்களுக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

சில்லறை வியாபாரத்தில் ஆன்லைன் விற்பனையும் பெரிய அங்காடிகளும் கொடுக்கும் நெருக்கடியை நாம் அனைவரும் அறிவோம். ஆகவே, கடையோடு இதையும் செய்யலாமா, மகனை இதில் இறக்கலாமா, நம்பிக்கையான கடைப் பையனை அனுப்பிப் பழக்கலாமா என்ற கேள்விகள் எழுவது இயல்பே. இந்த ஆர்வத்தைக் கண்டு பயிற்சி தருவோரும் பெருகிவிட்டனர். மூன்று நாள் வகுப்பு, மூன்று மாதப் பயிற்சி, இரண்டாண்டுப் படிப்பு என்று வகைகள் பல. எல்லாவற்றிலும் முடிவில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அரிசி மண்டியில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் ஒரு மூட்டையும் எடுப்பதில்லை. பயிற்சியையும் அப்படிச் சோதித்துத்தான் எடுக்க வேண்டும்.

வேலை என்ன கேட்கிறது?

மூன்று கிலோவாட் அமைப்பு ஒன்றை எடுத்துக் கொள்வோம். 540 வாட் தகடுகள் ஆறு தேவைப்படும். ஒவ்வொன்றும் சுமார் ஏழரை அடி நீளம். எடை 27, 28 கிலோ. அவற்றை மொட்டை மாடிக்கு ஏற்றி, நிழல் விழாத சுமார் 300 சதுர அடியில், சட்டம் அடித்து நிறுத்த வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலும், 2018 நவம்பரில் கஜா புயலும் வீசியதைக் கண்ட நமக்கு, அந்தச் சட்டத்தின் போல்ட்டும் அடித்தளமும் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மின்சாரம். ஆறு தகடுகளைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட் அளவுக்கு டி.சி. மின்சாரம் வரும். வீட்டு மெயினை அணைத்தாலும் வெயில் உள்ளவரை தகடுகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுச் செல்வதால் அதில் எழும் தீப்பொறி எளிதில் அணையும். டி.சி.யில் அந்த வசதி இல்லை. பொறி எழுந்தால் தொடர்ந்து எரியும். கனெக்டரைச் சரியாக அழுத்திப் பொருத்தாமல் தளர்வாக விட்டால், அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். எர்த்திங்கும் இடிதாங்கியும் முறையாக அமைய வேண்டும்.

இருபதாண்டு வீட்டு ஒயரிங் செய்தவருக்கும் இதில் பாதி புதிது. மேலும் இது உயரத்தில் செய்யும் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கால் வைத்து விழுந்தால், கடையில் நம்மை நம்பி வேலை செய்யும் பையனின் உயிருக்கே ஆபத்து. பாதுகாப்புக் கச்சையும் கயிறும் கட்டி ஏறப் பழக்காத பயிற்சியை, கட்டணமே இல்லை என்றாலும் ஏற்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பலர் கவனிக்காத விஷயம் இது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிமுறைகளின்படி, மின் நிறுவல் பணிகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமங்களையும் சான்றுகளையும் வழங்குவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். எந்தப் பயிற்சி நிலையத்தின் சான்றிதழும் அந்த உரிமத்துக்கு ஈடாகாது.

ஒயரிங் வேலையில் ஐந்தாண்டுச் செய்முறை அனுபவம் உள்ளவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்பட்டு வந்துள்ளது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. நடுவயதில் தொழில் மாறுவோருக்கு இது நல்ல வழி.

என்னென்ன பயிற்சிகள் உள்ளன?

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டாண்டு. சூரிய மின் தொழில்நுட்பப் பணியாளர் பிரிவு ஓராண்டு. காலம் அதிகம் என்றாலும், எலக்ட்ரீஷியன் படித்தவருக்குச் சூரிய மின்சாரத்தில் வேலை குறைந்தாலும் வேறு நூறு வேலை உண்டு.

இரண்டாவது, சூர்யமித்ரா. ஹரியானா மாநிலம் குருகிராமில் உள்ள தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2015-இல் தொடங்கிய திட்டம் இது. மூன்று மாதம், 600 மணி நேரம், தங்கிப் படிக்கும் கட்டணமில்லாப் பயிற்சியாக இது வகுக்கப்பட்டது. பத்தாம் வகுப்போடு எலக்ட்ரீஷியன், ஒயர்மேன் போன்ற ஐ.டி.ஐ. பிரிவு முடித்தவர்களையும் டிப்ளமோ படித்தவர்களையும் கருதி அமைத்தது. அடிப்படை தெரிந்தவருக்கு மேற்பயிற்சி என்று இதைக் கொள்ளலாம்.

மூன்றாவது, இரண்டு மூன்று நாள் வகுப்புகள். தொழில் எப்படி நடக்கிறது என்று அறிய இவை போதும். ஸ்பேனர் பிடிக்கப் போதாது.

காற்றாலைப் பணிக்குச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் வாயுமித்ரா என்ற பயிற்சியை நடத்தியுள்ளது. ஆனால் அது பெரும்பாலும் நிறுவனங்களில் வேலைக்குச் செல்வோருக்கானது. கடையோடு சேர்த்து நடத்தும் தொழிலாகாது.

யாருக்கு எது?

பள்ளிப் படிப்பை முடித்த மகனுக்கு எலக்ட்ரீஷியன் படிப்பே முதலில். அவசரப்பட்டுக் குறுகிய பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்து நம் கடையில் வேலை செய்பவருக்குச் சூர்யமித்ரா போன்ற பயிற்சி பொருந்தும். படிப்பில்லாமல் அனுபவத்தால் ஒயரிங் கற்றவர், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் சில மாதம் கூரை வேலை பழகிக்கொண்டே தகுதித் தேர்வுக்கு முயலலாம்.

நாற்பத்தைந்து, ஐம்பது வயதான கடை உரிமையாளர் தாமே கூரை ஏற வேண்டியதில்லை. இடம் பார்த்து அளவெடுத்தல், விலைப்புள்ளி தருதல், மின்வாரிய விண்ணப்பம், வங்கிக் கடன் தாள்கள் ஆகியவை அவருக்கு இயல்பாக வரும். அவருக்குக் குறுகிய வகுப்பே போதும். ஆனால் உரிமமும் தகுதியும் உள்ள ஆளைச் சம்பளத்துக்கோ கூட்டாகவோ வைத்துக்கொண்டுதான் ஆர்டர் எடுக்க வேண்டும். பொருளோடு பொருத்தும் கூலியும் சேரும்போது ஜி.எஸ்.டி. கணக்கு மாறும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்கள் முதல் பில் போடுமுன் ஆடிட்டரைக் கலந்து கொள்வது அவசியம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

மொத்த நேரத்தில் செய்முறை எத்தனை மணி? ஒரு தகட்டு வரிசைக்கு எத்தனை பேர்? டி.சி. கிளாம்ப் மீட்டர், எர்த் மெக்கர் ஆகியவற்றை நாமே பிடித்து அளக்க விடுவார்களா? வெளியே உண்மையான கூரைக்கு அழைத்துச் செல்வார்களா? சான்றிதழ் வழங்குவது அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்பா? முன்பு படித்த மூவரின் தொலைபேசி எண் தருவார்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கும் இடத்தை விட்டுவிடலாம். பயிற்சிக் கட்டணத்தோடு டீலர்ஷிப்பையும் சேர்த்து விற்பவரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை.

கட்டணம் மட்டும் செலவு என்று எண்ணக் கூடாது. மாதம் ரூ.18,000 சம்பாதிப்பவர் மூன்று மாதம் தங்கிப் படித்தால் ரூ.54,000 வருமானம் நிற்கிறது. அந்த நாட்களில் அவர் வீடு எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பணியாளரை அனுப்பும் முதலாளி பாதிச் சம்பளமாவது கொடுத்தால், அவர் திரும்பி நம்மிடமே வருவார்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். சூர்ய கர் திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்கென்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் கீழ் அமைப்பவர் ஐந்தாண்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பு. தகடுகளின் ஆயுளோ இருபத்தைந்து ஆண்டு. மானியம் நின்ற பிறகும் வாடிக்கையாளர் நம் கடைக்குத்தான் வருவார். நாம் பொருத்தியது பழுதில்லாமல் இருந்தால், தம் மைத்துனரையும் அழைத்து வருவார். பழுதாகி நின்றால், பல ஆண்டுகளாக நம்மிடம் சுவிட்சும் ஒயரும் வாங்கி வந்த அதே தெருவில் நம் பெயர் கெடும். ஆகவே பயிற்சிக்குச் செலவிடும் காலத்தைக் கடையின் முதலீடாகவே கருதி, நின்று நிதானித்துத் தேர்ந்தெடுக்குமாறு வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.