அளவில் அடங்கும் லொறி

வண்டியைக் கண்டால் அதைப் போலவே சிறிதாக ஒன்று செய்து உருட்டிப் பார்க்க விரும்புவது மனித இயல்பு. சிந்துவெளி அகழாய்வுகளில் சுட்ட மண்ணாலாகிய சிறு வண்டிகள் கிடைத்துள்ளன. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையோ, ஏறிச் செல்ல இயலாத, கையால் உருட்டி நடப்பதற்கென்றே அமைந்த தேரைப் பற்றிப் பேசுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவத்துக்குச் சிறுதேர்ப் பருவம் என்றே பெயர்.

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் அந்தச் சிறுதேர் லொறியாக உருமாறியது. வெற்றுப் பால் டின் அதன் உடல். வட்டமாக வெட்டிய பழைய ரப்பர்ச் செருப்பு அதன் சக்கரம். கம்பித்துண்டு அதன் அச்சு. கொழுந்து மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்குச் சாக்குகளை ஏற்றிச் செல்லும் லொறியைத் தினமும் காணும் பிள்ளைக்கு, வேறு எந்த வண்டி முதலில் நினைவுக்கு வரும்?

ஆயினும் பொம்மை வேறு, மாதிரியுரு வேறு. பொம்மையில் சக்கரம் பெருத்திருக்கலாம், உடல் குறுகியிருக்கலாம். விளையாட்டுக்கு அதனால் குறைவில்லை. மாதிரியுருவிலோ ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருத்தல் வேண்டும். அந்த விகிதமே அளவுத்திட்டம். தேசப்படம் வரையும் மாணவன் வகுப்பறையில் கற்கும் அளவுத்திட்டம்தான் இங்கே சக்கரம் பூண்டு நிற்கிறது.

மேல்நாடுகளில் இப்பொழுதுபோக்கு இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் வளர்ந்தது. இங்கிலாந்தில் மெக்கானோ நிறுவனத்தார் பொம்மை ரயில்களுக்குத் துணையாக வெளியிட்ட சிறு மோட்டார் வண்டிகள் 1934-இல் டிங்கி என்னும் பெயர் பெற்றன. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைகளை மட்டுமே கொண்டுவரலாம் என்ற விதியுள்ள பள்ளிக்குச் சென்ற தம் மகளுக்காக, ஜாக் ஓடல் என்ற பொறியியலாளர் பித்தளையால் ஒரு சிறிய சாலையுருளையைச் செய்தார். 1953-இல் தோன்றிய மேட்ச்பாக்ஸ் வண்டிகளுக்கு அதுவே வித்து. பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டிச் சேர்த்து, வண்ணம் பூசி முடிக்கும் பெட்டிகள் 1950-களில் பரவலாயின.

கடல் கடந்து வரும் இப்பெட்டிகளின் விலை தோட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு எளிதன்று. ஆனால் மாதிரியுருவை மாதிரியுரு ஆக்குவது பெட்டியன்று, அளவு. அளவை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூல வண்டி வாசலிலேயே நிற்கிறது. சாரதியின் அனுமதியும், ஓர் அளவுநாடாவும், கோடிட்ட தாளும் போதும்.

தொடக்கக்காரருக்கு 1-க்கு 24 என்ற அளவுத்திட்டம் மிக வசதியானது. இதில் ஓர் அடி அரை அங்குலமாகும். பதினான்கு அடி நீளமுள்ள சாமான் தட்டு ஏழு அங்குலமாகச் சுருங்கும். ஆறடி உயரமுள்ள சாரதி மூன்று அங்குலத்தில் நிற்பார். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்களும் உதவும். 7.50-16 என்றிருந்தால், டயர் பொருந்தும் இரும்பு வளையத்தின் விட்டம் 16 அங்குலம் என்று பொருள். அதை 24-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் வரும். லொறி தன் அளவைத் தானே சொல்லிவிடுகிறது!

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தை முதலிற் குறிக்க வேண்டும். அது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். நிழற்படத்தை மட்டும் நம்புவதும் தவறு. அருகில் நின்று எடுத்த படத்தில் முன்பகுதி பெருத்தும் பின்பகுதி சிறுத்தும் தோன்றும். தொலைவில், நேர் பக்கவாட்டில் நின்று எடுத்த படமே பயன்படும். அளந்தறிந்த ஒரு நீளம் அப்படத்தில் இருந்தால், கைக்கு எட்டாத கூரையின் உயரத்தையும் விகிதத்தால் கணக்கிடலாம்.

சுருக்கத்தில் ஒரு வியப்பும் உண்டு. நீளம் 24-இல் ஒரு பங்காகும்போது பரப்பு 576-இல் ஒரு பங்காகிறது. கனஅளவோ 13,824-இல் ஒரு பங்காகிறது. ஐந்தாயிரம் கிலோகிராம் எடையுள்ள லொறியை, அதே பொருள்களால், தகட்டின் தடிப்பும் உட்பட எல்லாவற்றையும் சுருக்கிச் செய்ய முடிந்தால், மாதிரியுரு ஏறத்தாழ 360 கிராமே இருக்கும். ஆனால் ஒரு மில்லிமீற்றர்த் தகட்டை 24-இல் ஒரு பங்கு மெல்லியதாக்கினால் அது கைபட்டவுடன் நசுங்கும். ஆகவே தடித்த அட்டையை வைத்து, வெளியில் தெரியும் விளிம்பை மட்டும் மெலிதாகச் சீவுவர். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்க முடியாது என்று அறிவதே இக்கலையின் பாதி.

வண்ணமும் அப்படியே. பூச்சின் தடிப்பு அளவுத்திட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஒரே தடவையில் கனமாகப் பூசினால் கதவின் கோடுகள் மறைந்துபோம். மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுவதே முறை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மூடுபனியும் ஈரமும் மிகுதி. அட்டை ஊறிப் புடைக்கும். பூச்சு மெல்லவே உலரும். அட்டையின் இருபுறமும் முதலில் வார்னிஷ் தடவுவதும், ஒரு பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்குவதும் இங்கே இரட்டிப்பு அவசியம். மலைநாட்டுக் குளிர் பொறுமையையும் சேர்த்தே கற்பிக்கிறது.

இவ்வளவு உழைப்பும் எதற்கு? நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஒரு குறுகிய ரயில்பாதை இருந்தது. 1903-இலும் 1904-இலுமாகத் திறக்கப்பட்ட அப்பாதை, மோட்டார்ப் போக்குவரத்தின் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாமல் 1940-களில் மூடப்பட்டது. ரயிலை வென்ற பழைய லொறிகளும் இன்று தோட்டச் சாலைகளில் அரிதாகிவிட்டன. பழுதான வண்டி இரும்புக் கடைக்குப் போகிறது. மரத்தால் கட்டிய அதன் உடல் விறகாகிறது. அதன் நீளம் என்ன, பக்கப்பலகைகள் எத்தனை, சாக்குகளைக் கட்டும் கொக்கிகள் எங்கே இருந்தன என்று எழுதிவைப்பார் அரியர்.

அந்தச் சாலைகளை வெட்டியவர்களும், அந்த லொறிகளில் கொழுந்தை ஏற்றியவர்களும் தோட்டத்து மக்களே. அவர்கள் வாழ்வோடு ஒட்டியிருந்த பொருள்களை அளந்து குறித்துவைக்க அவர்களுடைய பிள்ளைகளை விடத் தகுதியுடையார் யார்? ஏழு அங்குலத் தட்டும் சரியான சக்கரமும் உடைய ஓர் அட்டை லொறி, மூல வண்டி மறைந்த பின்னும் அதன் அளவுகளைச் சொல்லும். இன்று வாசலில் நிற்கும் லொறி நாளை நிற்காது போகலாம். நிற்கும்போதே அளந்துகொள்வது நல்லது.